35 வயதில் போல் டான்ஸ் பழகலாமா? கூச்சம் போகுமா?

கேள்வி இது: “எனக்கு 35 வயது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. பள்ளியில்கூட எந்த விளையாட்டிலும் சேர்ந்ததில்லை. உடம்பு கொஞ்சம் கனம். நாலு பேர் முன்னால் நிற்கவே கூச்சம். செங்குத்துக் கம்பத்தில் ஏறிச் சுற்றி ஆடுகிற போல் டான்ஸ் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டால் தன்னம்பிக்கை வரும் என்கிறார்கள், உண்மையா? எடையைக் குறைத்து, கொஞ்சம் தைரியமும் வந்தபிறகு சேரலாம் என்று இருக்கிறேன். சரியா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்காதீர்கள், இப்போதே சேருங்கள். ஒன்பது வருடமாக நான் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறேன், அதில் ஐந்து வருடம் புதியவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். “கையில் கொஞ்சம் பலம் ஏறட்டும், வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கம்பம் ஏறுவதற்கு வேண்டிய பலம் கம்பம் ஏறித்தான் வரும். ஜிம்மில் நல்ல எடை தூக்குகிறவர்கள்கூட முதல் நாள் ஒரு முழ உயரத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் வழுக்குகிற உலோகத்தைத் தோலால் கவ்விப் பிடிக்கும் வேலையை அவர்கள் உடம்பு அதுவரை செய்ததில்லை.

முதல் வகுப்பில் என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும். யாரும் உங்களைத் தலைகீழாகத் தொங்கச் சொல்லமாட்டார்கள். முதலில் கால் மணி நேரம் வார்ம் அப். மணிக்கட்டு, தோள், இடுப்பு, பின்தொடை எல்லாவற்றையும் சூடாக்குவது. பிறகு கம்பத்தைச் சுற்றி நடக்கச் சொல்வார்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதுதான் முதல் பாடம். கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் தலைக்கு மேலே பிடித்து, அந்தக் கையை முழுதாக நீட்டி, உடம்பை வெளிப்பக்கம் சாய்த்து, முன்பாதத்தில் நடக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நடப்பார்கள். சாய்ந்தால் விழுந்துவிடுவோமோ என்று பயம். இது நம்மைத் தாங்கும் என்று கைக்குப் புரியவே இரண்டு வகுப்பு ஆகும்.

அதற்கப்புறம் பெரும்பாலும் ஃபயர்மேன் ஸ்பின். தீயணைப்பு வீரர்கள் கம்பியில் சறுக்கி இறங்குவார்களே, அந்த ஞாபகத்தில் வைத்த பெயர். இரண்டு கையாலும் பிடித்து, வெளிக்காலை வீசி, முட்டிகளாலும் பாதங்களாலும் கம்பத்தைக் கவ்விக்கொண்டு சுற்றியபடியே கீழே வருவது. முதல் நாளே பலரும் ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள். இரண்டு வினாடிகூட இருக்காது. சுற்றி முடித்துத் தரையில் குந்தும்போது, எத்தனை பெரிய பதவியில் இருப்பவராக இருந்தாலும், ஊஞ்சலில் இருந்து இறங்கிய குழந்தையின் முகம் வந்துவிடும். எனக்கு இந்த வேலையில் பிடித்த நிமிடம் அதுதான்.

கம்பத்தில் இரண்டு நிலை உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டாட்டிக் என்றால் கம்பம் அசையாது, நீங்கள்தான் அதைச் சுற்றிச் சறுக்க வேண்டும். ஸ்பின் என்றால் உள்ளே பேரிங் இருக்கும், கம்பமே உங்களைத் தூக்கிக்கொண்டு சுற்றும். பார்க்க ஸ்பின்தான் அழகு. முதல்முறை ஏறினால் தலைசுற்றிக் குமட்டும். காதின் உள்ளே சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம் நாம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். வகுப்புக்கு நாலைந்து முறை என்று சிறிது சிறிதாகச் சுற்றினால் சில வாரங்களில் பழகிவிடும். உடம்பைக் கம்பத்தை ஒட்டிச் சுருக்கினால் வேகம் கூடும், கைகால்களை விரித்தால் குறையும். இதை முதல் நாளே சொல்லித்தந்துவிட வேண்டும். வேகம் பிடித்ததும் பயத்தில் உடம்பைச் சுருக்குவதுதான் எல்லோருக்கும் இயல்பு, சுருக்கினால் இன்னும் வேகமாகச் சுற்றும்.

அடுத்தது உடை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கூச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சின்ன ஷார்ட்ஸும் கையில்லாத மேல்சட்டையும் கவர்ச்சிக்காகப் போடுவதில்லை. பருத்தித் துணி உலோகத்தில் வழுக்கும், தோல் பிடிக்கும். தொடையின் உள்பக்கம், முட்டியின் பின்மடிப்பு, அக்குள், இடுப்பின் பக்கவாட்டுச் சதை என்று வெவ்வேறு அசைவுக்கு வெவ்வேறு இடத்துத் தோல் வேலை செய்யும். ஆனால் முதல் இரண்டு மூன்று வகுப்புகளுக்கு முட்டி வரை மடித்துவிடக்கூடிய பேன்ட் போதும். நடை, சுற்று, ஏறத் தொடங்குவது எல்லாம் அதிலேயே செய்துவிடலாம். தொடையால் பிடித்து உட்காரும் பாடம் வரும்போது நீங்களாகவே ஷார்ட்ஸ் கேட்பீர்கள். முழங்கால் தெரிவதற்கே சங்கடப்பட்டு, முதல் மாதம் முழுக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓரத்தில் நின்ற ஒருவர் எனக்குத் தெரியும். இரண்டாவது மாதம் அவருடைய கவலையெல்லாம் “இந்த ஷார்ட்ஸ் இன்னும் கொஞ்சம் குட்டையாக இருந்தால் வழுக்காது” என்பதாக மாறிவிட்டது. கூச்சம் போய்விட்டது என்று அவர் ஒரு நாளும் அறிவிக்கவில்லை. கவனம் வேறு இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

வலிக்கும். இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். ஏறும்போது பாதத்தின் மேற்புறமும் முழங்காலுக்குக் கீழே எலும்பும் கம்பத்தில் அழுந்தும். தொடைகளைக் குறுக்கே போட்டுக் கம்பத்தில் உட்காரும்போது உள்தொடையில் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும். இது தோலை நசுக்கி இழுப்பதால் வரும் வலி. ஆபத்தில்லை, அதே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்யும்போது சில வாரங்களில் பழகிப்போகும். கன்றிப்போன நீலத் தடங்களை போல் பழகுகிறவர்கள் “போல் முத்தம்” என்று செல்லமாகச் சொல்வார்கள். ஆனால் மூட்டுக்குள் குத்துகிற வலி, ஒரு புள்ளியில் சுருக்கென்று இழுக்கிற வலி, விரல் மரத்துப்போவது, இவையெல்லாம் வேறு சங்கதி. உடனே இறங்கிவிட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதே ஒரு பெரிய படிப்பு. உடம்பைக் கண்ணாடியில் பார்த்து மட்டுமே பழகியவர்களுக்கு, அது உள்ளிருந்து என்ன சொல்கிறது என்று காதுகொடுப்பது புதிதாக இருக்கும்.

வியர்வை இன்னொரு தொல்லை. கை வியர்த்தால் கம்பம் வழுக்குமரம்தான். வகுப்புக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே லோஷன், எண்ணெய் எதையும் கையிலோ காலிலோ தடவாதீர்கள். முந்தின நாள் தடவியதே சில சமயம் வியர்வையோடு வெளியே வந்து காலை வாரும். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அது கம்பத்தையும் கீறும், விரலையும் பதம் பார்க்கும். நிறைய வியர்க்கிறவர்களுக்குக் கை ஈரத்தை உலர்த்துகிற திரவச் சாக் உதவும். வறண்ட தோல்காரர்களுக்கு அது எதிரி, அவர்களுக்குப் பிசுபிசுப்புத் தருகிற வகை வேண்டும். கம்பத்தின் உலோகமும் சேர்ந்து கணக்கு. பெரும்பாலான ஸ்டூடியோக்களில் குரோம்தான். குளிர்ந்திருந்தால் வழுக்கும், நாலு பேர் ஏறி இறங்கிச் சூடானதும் பிடிக்கும். பித்தளையிலும் பவுடர் கோட்டிங் செய்த கம்பத்திலும் பிடிப்பு அதிகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொஞ்சம் வழுக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் குரோமில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அந்தப் பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல் பூச்சு இருக்கும். கம்பத்தின் தடிமன் பல அளவில் வரும். போட்டிகளில் 45 மில்லிமீட்டர். சின்னக் கை என்றால் 40 சுலபமாக இருக்கும்.

சரி, தன்னம்பிக்கைக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒருவர் சேர்ந்தார். உங்களைப் போலவே மேசை வேலை, நாற்பதைத் தொடுகிற வயது. நன்றாக முன்னேறினார். ஆனால் கம்பத்தில் முக்கால் உயரத்தைத் தாண்டமாட்டார். அந்த இடம் வந்ததும் உறைந்துவிடுவார். பலம் இருந்தது, பிடிப்பும் இருந்தது. “உங்களால் முடியும்” என்று நானும் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, நான் அவருக்கு ஏறச் சொல்லிக்கொடுத்தேனே தவிர இறங்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. மேலே போனபின் கை தளர்ந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. அந்த ஒரு கேள்வி அவரை அங்கேயே பிடித்து நிறுத்தியிருந்தது. அடுத்த மூன்று வாரம் ஏறுவதையே விட்டுவிட்டோம். இடுப்பளவு உயரத்தில் இருந்து இறங்குவது மட்டும். கால் பிடியை விடாமல் கையை ஒவ்வொன்றாக மாற்றி இறங்குவது, கை களைத்தால் தொடையைக் குறுக்கே போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் உதறிக்கொள்வது, அவசரமென்றால் கம்பத்தை மார்போடு அணைத்து மெல்லச் சறுக்குவது. நான்காவது வாரம் அவர் யாரும் கேட்காமலே உச்சி வரை ஏறிக் கூரையைத் தொட்டுவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து என் வகுப்பில் எந்த அசைவையும் அதிலிருந்து வெளியேறும் வழியைச் சொல்லித்தராமல் ஆரம்பிப்பதில்லை. கம்பம் தருகிற தைரியத்தின் சூத்திரம் இதுதான் என்பது என் கட்சி. “விழமாட்டேன்” என்று நம்புவதில் அது வருவதில்லை, நம்பிக்கொண்டே மேலே போனவர்கள்தான் விழுகிறார்கள். பிடி நழுவினால் அடுத்த பிடி எங்கே என்று கைக்குத் தெரிந்திருக்கும்போது வருகிறது.

உளவியலில் இதற்கு ஒரு நல்ல விளக்கம் உண்டு. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு காரியம் என்னால் ஆகும் என்ற எண்ணம் நாலு வழிகளில் வருகிறது. தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடம்பின் படபடப்பை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இதில் வலுவானது முதலாவது என்றார். என் மாணவர் விஷயத்தில் நாங்கள் எல்லோரும் மாதக்கணக்கில் மூன்றாவதை மட்டும் வாரி வழங்கிக்கொண்டிருந்தோம். கைத்தட்டலுக்கு அவ்வளவுதான் சக்தி. சின்னச் சின்னதாகத் தானே செய்து முடித்தபோது வேலை நடந்தது.

போல் இதற்கு வாகான கலையாக இருப்பதற்கு ஒரு காரணம், இதில் வெற்றிக்கு விளிம்பு இருக்கிறது. ஓட்டத்தில் இன்று நேற்றைவிட நன்றாக ஓடினேனா என்று கடிகாரம் பார்க்க வேண்டும். கம்பத்தில் போன வாரம் வழுக்கினீர்கள், இந்த வாரம் வழுக்கவில்லை. யாரும் மதிப்பெண் போட வேண்டியதில்லை, நீங்களே அந்த இடத்தில் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது காரணம் உங்கள் பக்கத்துக் கம்பத்தில் இருக்கிறவர். சமூக ஊடகத்தில் வருகிற நட்சத்திரத்தைப் பார்த்தால் ஆசை வரும், நம்பிக்கை வராது. உங்களைவிட மூன்று மாதம் முன்னால் சேர்ந்த, உங்களைப் போலவே தொப்பை உள்ள ஒருவர் அனாயாசமாக ஏறுவதைப் பார்த்தால்தான் அட, இது மனுஷ காரியம்தான் என்று தோன்றும். அதனால் சேரும்போது தனி வகுப்பு கேட்காதீர்கள். கூச்ச சுபாவக்காரர்கள் எல்லோரும் தனியாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுவார்கள். என் அனுபவத்தில் சின்னக் குழுதான் அவர்களுக்கு நல்லது, ஒரு கம்பத்துக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்.

உங்களை நீங்களே வீடியோ எடுத்துப் பாருங்கள், ஆனால் உடனே பார்க்காதீர்கள். அன்றைக்கே பார்த்தால் வயிற்று மடிப்பும் கோணல் பாதமும் மட்டும்தான் கண்ணில் படும். மூன்று மாதம் கழித்துப் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வீடியோவை யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. பக்கத்தில் இருப்பவர் உங்கள் படத்தில் விழுந்தால் அவரிடம் கேட்காமல் எங்கும் போடாதீர்கள், உங்களுக்கும் அதே மரியாதையைக் கேட்டு வாங்குங்கள். நல்ல ஸ்டூடியோவில் இதற்கு விதியே இருக்கும்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். கம்பத்தில் வந்த தைரியம் அப்படியே மறுநாள் அலுவலகக் கூட்டத்துக்கும் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிலருக்கு வருகிறது. எனக்கு வர நாலு வருடம் ஆயிற்று, அதுவும் முழுசாக இல்லை. இன்றைக்கும் மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஆறடி உயரத்தில் ஒற்றை முட்டி மடிப்பில் தொங்குவேன். இரண்டும் வேறு வேறு. இன்னொரு பக்கம், போலில் சேர்ந்து மனம் நொந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன். கூடச் சேர்ந்தவர் ஆறு மாதத்தில் இன்வர்ட் செய்துவிட்டார், அதாவது கால்களைத் தலைக்கு மேலே தூக்கித் தலைகீழாகிவிட்டார், எனக்கு ஒரு வருடமாகியும் வரவில்லை என்று புழுங்குவார்கள். கை நீளம், இடுப்பு அமைப்பு, தோலின் வியர்வை, சின்ன வயதில் மரம் ஏறிய பழக்கம், இப்படி எத்தனையோ காரணங்கள். ஆறு மாதத்தில் வருவதும் உண்டு, இரண்டு வருடம் ஆவதும் உண்டு. எனக்கு 14 மாதம் ஆயிற்று.

எடையைப் பற்றி. கனமான உடம்பைத் தூக்கக் கூடுதல் பலம் வேண்டும், அது உண்மை, சர்க்கரை தடவிச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் தொடையால் கவ்வுகிற அசைவுகளில் சதைப்பிடிப்பு உள்ளவர்களுக்கு நல்ல பிடி கிடைக்கிறது. ஒல்லியானவர்கள் எலும்பு குத்தி அலறுகிற இடத்தில் அவர்கள் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார்கள். வயதுக்கும் அதே பதில். சர்வதேசப் போல் விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில் நாற்பதைக் கடந்தவர்களுக்கும் ஐம்பதைக் கடந்தவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. 35 எங்கள் வகுப்பில் நடுவாந்திர வயது. உயர் ரத்த அழுத்தம், கண்ணில் கிளாக்கோமா, எலும்புத் தேய்மானம், சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். தலைகீழாகத் தொங்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்.

“இதைப் போய்க் கற்றுக்கொள்கிறாயா” என்று யாராவது கேட்பார்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுத வந்து நிறுத்தியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதற்குச் சிலர் சொல்கிற பதில் எனக்குப் பிடிக்காது. “ஐயோ, இது அந்த மாதிரி இல்லை, இது சுத்தமான விளையாட்டு” என்று படபடப்பார்கள். கம்பத்தில் உடம்பை வசப்படுத்தும் வித்தை பழையது. மராட்டிய மண்ணின் மல்லகம்பத்தில் மல்லர்கள் எண்ணெய் பூசிய மரக்கம்பத்தில் பயிற்சி எடுத்தார்கள், சீன சர்க்கஸில் உயரக் கம்பங்களுக்கு இடையே தாவினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நாம் இன்று பழகுகிற போல் டான்ஸின் நடையும் சுழற்சியும் குதிகால் செருப்பும் நேராக வந்தது இரவு விடுதிகளில் ஆடிய பெண்களிடமிருந்துதான். 1990களில் கனடாவைச் சேர்ந்த ஃபான்யா மோண்டே போன்றவர்கள் அதை வெளியில் இருந்த சாதாரணப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். 2009ல் சர்வதேசப் போல் விளையாட்டுக் கூட்டமைப்பு வந்தது, 2012ல் லண்டனில் முதல் உலகப் போட்டி நடந்தது, 2017ல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் பார்வையாளர் தகுதி கொடுத்தது. பிழைப்புக்காக ஆடிய பெண்கள் கண்டுபிடித்த அசைவுகளைக் கற்றுக்கொண்டு அவர்களையே இழிவாகப் பேசுவது நன்றிகெட்டத்தனம் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. சொல்லத் தோன்றும் ஆளிடம் சொல்லுங்கள், மற்றவர்களிடம் உடற்பயிற்சி வகுப்பு என்றால் அதுவும் பொய்யில்லை. 60 நிமிட வகுப்பு ஒன்றை அளந்து பார்த்த உடலியல் ஆய்வு அதை மிதமான தீவிரம் கொண்ட உடற்பயிற்சி என்றுதான் வகைப்படுத்தியது.

வகைகளும் பல. ஸ்போர்ட் என்றால் ஜிம்னாஸ்டிக்ஸ் சாயல். ஆர்ட் என்றால் கதை சொல்லும் நடனம். எக்ஸாடிக் என்றால் உயரமான குதிகால் செருப்போடு தரையை ஒட்டிய நளினம். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பெரும்பாலும் முதல் வகைக்குத்தான் போவார்கள், அது கணக்குப்பாடம் போல நேராக இருக்கும். ஒரு வருடம் கழித்து எக்ஸாடிக் வகுப்பு ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். எனக்குத் தலைகீழாகத் தொங்குவதைவிட, பாட்டுக்கு மெதுவாக நடப்பதுதான் பயங்கரமாக இருந்தது. மறைத்துக்கொள்ள வித்தை எதுவும் கையில் இல்லையே.

பயிற்றுநரை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவரால் என்னென்ன செய்ய முடியும் என்பதைப் பார்க்காதீர்கள். முதல் நாள் பழைய காயங்களைப் பற்றிக் கேட்கிறாரா, தொடுவதற்கு முன் அனுமதி கேட்கிறாரா, இரண்டு பக்கமும் செய்யவைக்கிறாரா, உயரத்தில் புதிய அசைவு செய்யும்போது கீழே கிராஷ் மேட் என்கிற தடித்த மெத்தை போடுகிறாரா, கம்பத்தை அவ்வப்போது ஆல்கஹால் போட்டுத் துடைக்கிறார்களா என்று பாருங்கள். முதல் மாதமே இன்வர்ட் செய்யவைக்கிற இடம் என்றால் கிளம்பிவிடுங்கள். காலை உதைத்து எகிறித் தலைகீழாவது பார்க்க இன்வர்ட் மாதிரி இருக்கும், தோளையும் கழுத்தையும் கெடுக்கும். வயிற்றுப் பலத்தால் மெல்லத் தூக்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும்.

காயத்தில் என் தவறையே உதாரணம் தருகிறேன். இரண்டாவது வருடம் வெறி பிடித்து வாரம் ஐந்து நாள் போனேன். தசை சீக்கிரம் வலுவாகிவிடும், அதை எலும்போடு கட்டுகிற தசைநாண் மெதுவாகத்தான் வலுவாகும். இந்த இடைவெளியில்தான் போல் பழகுகிறவர்கள் மாட்டுவார்கள். முழங்கையின் உள்பக்கம் வலி ஆரம்பித்தது, கம்பத்தைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்ததன் கூலி. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் நாலு மாதம் கம்பம் பக்கமே போகவில்லை. ஆரம்பத்தில் வாரம் ஒன்று, போகப்போக இரண்டு. அவ்வளவு போதும். ஒரே பக்கம் மட்டும் ஏறாதீர்கள். இடப்பக்கம் அசிங்கமாக வரும், வரட்டும். தொங்கும்போது தோள் காதோடு ஒட்டிக்கொள்ளாமல் தோள்பட்டையைக் கீழே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். போல் முழுக்க இழுக்கிற வேலை என்பதால் வீட்டில் தள்ளுகிற பயிற்சி செய்யுங்கள். முட்டி போட்டுச் செய்யும் தண்டால்கூடப் போதும். கூடவே பிளாங்க், மணிக்கட்டை நீட்டி மடக்குவது.

வீட்டில் கம்பம் மாட்டலாமா என்று ஆறாவது மாதம் கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். ஒரு வருடம் பொறுங்கள். கூரைக்கும் தரைக்கும் இடையே அழுத்தி நிறுத்துகிற வகைதான் வீடுகளில் அதிகம், அதற்கு மேலே உறுதியான கான்கிரீட்டோ உத்தரமோ வேண்டும், அலங்காரத்துக்குப் போட்ட பொய்க்கூரை தாங்காது. மலிவாகக் கிடைத்ததே என்று நான் வாங்கிய முதல் கம்பம் விளையாட்டுச் சாமான் என்று பிறகுதான் புரிந்தது. ஃபயர்மேன் சுற்றும்போது மேல்பகுதி நழுவிக் கம்பத்தோடு சோபா மேல் போய் விழுந்தேன். சோபா மட்டும் அங்கே இல்லையென்றால் இந்தப் பதிலை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள். எவ்வளவு எடை தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் பாருங்கள், அது தொங்குகிற எடையா, சுழலும்போது வருகிற விசையையும் சேர்த்தா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் ஆட்டிப் பார்த்துத் திருகுகளைச் சரிபாருங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது தலைகீழ் வேலை வேண்டாம்.

முதல் வகுப்பை அடுத்த நாள் முக்கிய வேலை எதுவும் இல்லாத நாளாகப் பார்த்துப் போடுங்கள். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், ஒரு சின்னத் துண்டும் தண்ணீரும் எடுத்துப் போங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். எங்கே நிற்பது என்று தெரியாவிட்டால் கண்ணாடியிலிருந்து தள்ளி இருக்கும் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், முதல் நாள் நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மறுநாள் காலை தலை வாரக் கை மேலே போகாது. பயப்படாதீர்கள், அது தசை வலி, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அதனால் இரண்டாவது வகுப்பை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். முதல் வகுப்பு முடிந்து வெளியே வருவதற்குள்ளேயே அதற்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.